‘யார் பேசுறது?’: தலைவரில்லாத போராட்டமும் அதன் மறுநாளும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது விருதுநகர் மாவட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அரசு மருத்துவமனையின் பிணவறை முன்னால் உறவினர்கள் கூடுவார்கள். உரிய இழப்பீடு அறிவிக்கும்வரை உடலை வாங்க மாட்டோம் என்பார்கள். சாலையில் உட்காருவார்கள். எந்த அமைப்பும் அவர்களை அழைத்திருக்காது. துண்டறிக்கை கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. முந்தின நாள்வரை ஒரே வேனில் வேலைக்குப் போனவர்களும் அவர்களுடைய தெருக்காரர்களும்தான் அந்தக் கூட்டம். சற்று நேரத்தில் வட்டாட்சியர் வருவார், டிஎஸ்பி வருவார். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: “யார் பேசுறது?”

கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகும். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முன்னால் வந்துவிடுவார். கட்சிக்காரராக இருக்கலாம், சாதிச் சங்கப் பிரமுகராக இருக்கலாம், ஆலை நிர்வாகத்துக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். கூட்டம் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பேச்சுவார்த்தை முடியும். ஒரு தொகை முடிவாகும். உடல்கள் ஊருக்குப் போகும். ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவரும் போர்மேனும் கைதாவார்கள். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிற முறை அப்படியே இருக்கும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம், 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

தலைவரில்லாத போராட்டங்களைப் பற்றி நம் தலைமுறை பெருமையாகப் பேசுகிறது. ‘எங்களுக்குத் தலைவர் கிடையாது, நாங்கள் ஒவ்வொருவரும் தலைவர்தான்’ என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. அந்தப் பெருமையில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைச் சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலைவரில்லாத கூட்டத்தின் பலமெல்லாம் “யார் பேசுறது?” என்ற கேள்வி எழும்வரைதான் கூட வருகிறது. அந்தக் கேள்விக்குக் கூட்டம் பதில் வைத்திருக்கவில்லை என்றால், அதன் இடத்தில் நின்று பதில் சொல்ல வேறொன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அது பணமாக இருக்கலாம், கட்சியாக இருக்கலாம். நம் சமூகத்தில் பல நேரங்களில் அது சாதியாக இருக்கிறது.

முதலில் நியாயமான பாதியைச் சொல்லிவிடலாம். தலைவரை நம்பி நின்ற இயக்கங்களுக்கு ஒரே ஒரு கழுத்துதான். அதை எங்கே பிடிக்க வேண்டும் என்று ஆதிக்க சாதிக்கும் அரசுக்கும் தெரியும். இமானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30இல் தன் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். கொல்ல முடியாத தலைவர்களை விலைக்கு வாங்கினார்கள். வாங்க முடியாதவர்களைக் கைது செய்து கூட்டத்தைக் கலைத்தார்கள். தலைவர் என்று ஒருவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இந்த மூன்று வழியும் அடைபட்டுப் போகிறது. அதிகாரம் கொஞ்ச நேரம் திணறுகிறது. அந்தத் திணறலில் கிடைத்த வெற்றிகள் சின்னவை அல்ல.

மூணாறைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். போனஸை 19 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். அவர்களுடைய கோபம் நிர்வாகத்தின் மேல் மட்டும் இல்லை. பல காலமாகத் தங்கள் பெயரில் சந்தா வாங்கி, தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்கள் மேலும் இருந்தது. கட்சிக்காரர்களையும் சங்கத்துக்காரர்களையும் போராட்டத்துக்குள் விடாமல் துரத்தினார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று அந்தத் திரளுக்குப் பெயர் வந்தது. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு வாங்கினார்கள். சங்கங்கள் வாங்கித் தராததை, சங்கமே இல்லாதவர்கள் வாங்கினார்கள். இது தலைவரில்லாத போராட்டத்தின் உண்மையான பெருமை.

அடுத்த மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கு என்பது அவர்களுடைய அடுத்த கோரிக்கை. கூலியை முடிவு செய்கிற இடம் தோட்டத் தொழிலாளர் குழு. அந்த மேசையில் நாற்காலி இருந்தது அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களுக்கு மட்டும். எந்தச் சங்கங்களைத் துரத்தினார்களோ அதே சங்கங்கள் உள்ளே உட்கார்ந்து 301 ரூபாய்க்கு முடித்துவிட்டு வந்தன. பிறகு பொம்பிளை ஒருமைக்குள் பிளவு வந்தது. முன்னணியில் நின்ற பெண்களைக் கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. தெருவை வென்றவர்களுக்கு மேசையில் இடமில்லாமல் போனது. அந்தப் பெண்களின் துணிச்சலில் எந்தக் குறையும் இல்லை. துணிச்சல் ஓய்ந்து வீட்டுக்குப் போகிற நாளிலும் அவர்களுக்காக நிற்கிற ஓர் அமைப்பு இல்லை என்பதுதான் குறை.

இனி நம் தலைமுறையின் பெருமைக்குரிய மெரினாவுக்கு வருவோம். 2017 ஜனவரி 17இல் சல்லிக்கட்டுக்காகக் கடற்கரையில் கூட்டம் சேரத் தொடங்கியது. வாட்ஸ்அப்பும் முகநூலும் சேர்த்த கூட்டம். பெண்கள் இரவிலும் பாதுகாப்பாக இருந்தார்கள், சோறு பகிரப்பட்டது, குப்பையைப் போராட்டக்காரர்களே அள்ளினார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஜனவரி 17 இன்னொரு நாளும் கூட. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்து சரியாக ஓராண்டு. லட்சக்கணக்கான மாணவர்கள் திரண்ட அந்தக் கடற்கரையின் பொதுக்குரலில் ரோகித்தின் பெயர் இல்லை. தலித் இளைஞர்களுக்கு மாடுபிடிக்க இடமுண்டா, வாடிவாசல் யாருடையது, கோயில் மரியாதை யாருக்கு என்ற கேள்விகளை எழுப்பியவர்களுக்குக் கிடைத்த பதில், ‘இப்போது சாதியைப் பேசிப் பிரிக்காதீர்கள்’ என்பதுதான்.

கட்சிக்கொடி வேண்டாம், அமைப்பு அடையாளம் வேண்டாம் என்பது அங்கே எழுதப்படாத விதி. கேட்பதற்கு நடுநிலையாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் அதன் சார்பு தெரியும். ஆதிக்க சாதிக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளக் கொடி தேவையில்லை. ‘தமிழர் பண்பாடு’ என்ற பொதுப்பெயரிலேயே அது வசதியாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே போகச் சொல்லப்படுவது நீலக்கொடியும் செங்கொடியும் கருஞ்சட்டையும்தான். அமைப்பு வேண்டாம் என்று சொன்ன இடத்தில், அமைப்பாகத் திரண்டால்தான் குரல் எழுப்ப முடிகிறவர்கள் ஊமையாக்கப்பட்டார்கள்.

ஜோ ஃப்ரீமன் என்ற பெண்ணியவாதி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்களை வைத்து இதைத்தான் எழுதினார். கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான பொறுப்புகள் இல்லாத குழுவில் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்களின் வட்டம் மறைமுகத் தலைமையாகிவிடும். தேர்ந்தெடுக்கப்படாததால் அதை நீக்கவும் முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவரையொருவர் அறிந்தவர்களின் வட்டம் என்பது அங்கே நட்பு. இங்கே எந்தத் தெருவில் குடியிருக்கிறோம், யார் வீட்டில் பெண் எடுக்கிறோம், எந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சாதி. எனவே யாரும் வழிநடத்தாத கூட்டம் தானாக எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. மேட்டிலிருந்து விட்ட தண்ணீர் பள்ளத்துக்கு வழி கேட்பதில்லை.

மெரினாவின் கடைசி நாளும் இதைத்தான் காட்டியது. அவசரச் சட்டம் வந்துவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள் என்று சில பிரபலங்கள் சொன்னார்கள். அவர்களை யாரும் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. நிரந்தரச் சட்டம் வரும்வரை போகமாட்டோம் என்று இன்னும் பலர் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேசவும் யாரும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. ஜனவரி 23 காலையில் காவல்துறை இறங்கியது. ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் நடுக்குப்பம் உள்ளிட்ட கடற்கரைக் குப்பங்களின் மீனவ மக்கள். அடி அவர்கள் வீட்டுக்குள் வந்தது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. எரித்தது காவல்துறைதான் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. திரும்பிப் போக வேறு ஊர் இருந்தவர்கள் போனார்கள். குப்பத்து மக்கள் கரிந்த சந்தையோடு அங்கேயே இருந்தார்கள். யாருக்கும் பொறுப்பில்லாத போராட்டத்தின் விலையை, அதைத் தொடங்காதவர்கள் கொடுத்தார்கள்.

தூத்துக்குடியில் நிலைமை வேறு. அங்கே ஊர்க்குழுக்கள் இருந்தன, நூறு நாள் தொடர்ச்சி இருந்தது. ஆனால் எல்லாருக்குமாகச் சேர்த்து யார் பேசுவது என்பதில் தெளிவில்லை. 2018 மே 22 முற்றுகைக்கு முன் மாவட்ட நிர்வாகம் ஒரு தரப்பை அழைத்துப் பேசியது; அவர்கள் எஸ்.ஏ.வி. பள்ளி மைதானத்தில் கூடுவதாக ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். சுட்டது அரசின் குற்றம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் காவல்துறையைக் குற்றம் சாட்டியது. அதில் ஐயமில்லை. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடமும் அதில் உண்டு. நமக்காகப் பேசுகிறவரை நாம் தேர்ந்தெடுக்காவிட்டால், அரசு தனக்கு வசதியானவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

தலித் மக்களின் அண்மைக்கால வரலாற்றில் தலைவரில்லாத எழுச்சி என்றால் அது 2018 ஏப்ரல் 2. அந்த ஆண்டு மார்ச் 20இல் உச்சநீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. முதற்கட்ட விசாரணை இல்லாமல் வழக்கு இல்லை, அனுமதி இல்லாமல் கைது இல்லை என்றது. இரண்டே வாரத்தில் வட இந்தியாவின் தெருக்கள் நிறைந்தன. எந்தப் பெரிய கட்சியும் முன்னின்று நடத்திய முழு அடைப்பு அல்ல அது. அதன் பலன் மகத்தானது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பழைய வலுவை மீட்டது. 2019 அக்டோபர் 1இல் உச்சநீதிமன்றம் தன் உத்தரவுகளைத் தானே திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10இல் திருத்தச் சட்டத்தை உறுதி செய்தது. இன்று தமிழ்நாட்டின் ஏதோ ஒரு காவல் நிலையத்தில் ஒரு தலித் பெண் கொடுக்கிற புகார் உடனே வழக்காகிறது என்றால், அதில் முகம் தெரியாத அந்த இளைஞர்களின் ரத்தம் இருக்கிறது.

அந்த ரத்தக் கணக்கையும் பார்ப்போம். அன்று குறைந்தது ஒன்பது பேர் இறந்தார்கள். ஏராளமான தலித் இளைஞர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அந்த வழக்குகளைத் திரும்பப் பெறாவிட்டால் காங்கிரஸ் அரசுகளுக்குக் கொடுக்கும் ஆதரவை மறுபரிசீலனை செய்வோம் என்று 2018 டிசம்பர் 31இல் மாயாவதி அறிவித்தார். மறுநாளே மத்தியப் பிரதேச அரசு, வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. மாயாவதி மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும். சிறையிலும் நீதிமன்ற வாசலிலும் நின்ற பிள்ளைகளுக்காக அரசின் கையை முறுக்க முடிந்தது, சட்டமன்றத்தில் உறுப்பினர்களை வைத்திருந்த ஓர் அமைப்பால்தான். எழுச்சிக்குத் தலைவர் தேவைப்படவில்லை. எழுந்தவர்களை வெளியே கொண்டுவர அமைப்பு தேவைப்பட்டது.

அம்பேத்கர் இதை நன்றாக அறிந்திருந்தார். 1927 மார்ச் 20இல் மகத் நகரின் சவதார் குளத்தில் தலித் மக்கள் தண்ணீர் குடித்தார்கள். அதைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அந்த மாநாட்டை ஆர்.பி. மோரே போன்ற உள்ளூர் இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்து ஏற்பாடு செய்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பின்னால் நடந்தது. அந்த டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அம்பேத்கர் பிரதிவாதி. கீழ் நீதிமன்றம், மேல்முறையீடு என்று அது இழுத்துக்கொண்டே போய், பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் 17இல்தான் தலித் மக்களுக்குச் சாதகமாக முடித்து வைத்தது. தண்ணீர் குடித்தது ஒரு நாள். குடித்த உரிமையை நிலைநாட்டப் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டும் வாய்தாவுக்கு யாரோ போனார்கள், காகிதங்களை யாரோ பத்திரப்படுத்தினார்கள், செலவுக்கு யாரோ பணம் திரட்டினார்கள். தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மேடையும் மாலையும் ஞாபகம் வருகிறது. வாய்தாவுக்குப் போகிறவரும் தலைமைதான்.

இங்கே சிலர் கேட்கலாம்: குழு, பொறுப்பாளர், பட்டியல் என்றெல்லாம் வைத்தால் காவல்துறைக்கு அதுதானே வசதி? நியாயமான அச்சம். ஆனால் கூட்டத்தின் ஒவ்வொரு முகமும் ஏற்கெனவே அவர்கள் காணொளியில் இருக்கிறது. பட்டியல் இல்லாதது நம்மிடம்தான். யார் கைதானார், எந்த நிலையத்தில் இருக்கிறார், யாருக்கு வழக்கறிஞர் இல்லை என்பது மாலைவரை நமக்குத் தெரிவதில்லை. ஜாமீன் கிடைத்தாலும் சொத்துக் காட்டிப் பிணை நிற்க ஆள் வேண்டும். நிலமற்ற சேரியில் அந்த ஆளை எங்கே தேடுவது? ‘நாங்கள் ஒவ்வொருவரும் தலைவர்’ என்பது பிணைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் எளிதாகச் சொல்லக்கூடிய வாசகம்.

ஆகவே தலைவர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்போம். பிணவறை வாசல் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வட்டாட்சியரின் ஜீப் வருவதற்கு முன்பே, கூட்டத்தின் நடுவிலேயே ஐந்து பேரைக் கைதூக்கித் தேர்ந்தெடுக்க முடியாதா? அதில் மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். ஆலைகளில் வேலை பார்ப்பதில் பெண்கள் ஏராளம். இறந்தவர்களின் வீட்டார் இருக்கட்டும். சேரியின் குரல் ஊரின் குரலுக்குப் பின்னால் நிற்காமல் இருக்கட்டும். பூட்டிய அறைக்குள் யாரும் தனியாகப் போக வேண்டாம். உள்ளே பேசியதை வெளியே வந்து உரக்கப் படித்துக் காட்டி, கூட்டம் சரி என்ற பிறகே கையெழுத்து. தவறினால் அந்த ஐவரையும் அதே கூட்டம் மாற்றலாம். இதற்குக் கட்சியும் வேண்டாம், கட்அவுட்டும் வேண்டாம்.

கோரிக்கைகளிலும் பணத்தால் முடியக்கூடியவை, முடியாதவை என்று இரண்டு உண்டு. 2024 மே 1இல், எங்கள் மல்லாங்கிணறு சேர்ந்திருக்கும் காரியாபட்டி வட்டாரத்தில், கீழஉப்பிலிக்குண்டு கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். உழைப்பாளர் நாள் அன்று. சுற்றுக் கிராமத்து மக்கள் சாலையை மறித்துக் கேட்டது, குவாரியை நிரந்தரமாக மூடு என்பது. காசோலை கொடுத்து அந்தக் கோரிக்கையை முடித்துவிட முடியாது. உரிமத்தை ரத்து செய், உள்குத்தகைக்கு விட்ட உரிமையாளர் மேல் வழக்குப் போடு, காயம்பட்டவர்களுக்கு முழுச் சிகிச்சை கொடு, முதல் தகவல் அறிக்கையின் நகலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடு என்பவையும் அந்த வகை. தொகை பேசி முடிந்ததும் இவை காணாமல் போகின்றன என்றால், இவற்றை நினைவு வைத்திருக்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று பொருள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எப்படியும் கூடும். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, ஆலை திறந்துவிட்டதா, மருத்துவமனையில் இருப்பவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று பேசலாம். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கலாம். அந்தத் தேதியைக் குறிக்கத் தெரிந்த கூட்டத்தை ஆலை நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் வேறு மாதிரிப் பார்க்கும். நகரத்தில் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கிற இளைஞர்கள் இங்கே செய்யக்கூடியது நிறைய. பதிவு போடுவதும் ஹேஷ்டேக் போடுவதும் முதல் நாள் வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது, வழக்கு எண்ணைத் தேடி எடுப்பது, வழக்கறிஞரிடம் கூட்டிப்போவது, வாய்தா நாளில் அந்த அம்மாவோடு பேருந்தில் போய் வருவது எல்லாம் நாற்பதாவது நாள் வேலை. முதல் நாளுக்கு ஆள் எப்போதும் கிடைக்கிறது.

சாதி யாருடைய அழைப்புக்கும் காத்திருப்பதில்லை. அதற்குக் கிளைகள் இருக்கின்றன, கணக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேசுவதற்கு ஆள் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தினமும் கூடுகிற அமைப்பு அது. அதை எதிர்க்கிறவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூடி, புதிதாக அடிபட்டு, புதிதாகக் கலைந்து போவது என்ன நியாயம்?